ஒருவரும் விலகவில்லை

தண்ணீர் வேண்டாம், என்னிடமே இருக்கிறது. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கொஞ்சம் பொல்லாத வயிறு. இடம் மாறித் தண்ணீர் குடித்தால் இரண்டு நாளைக்குப் படுத்தி எடுத்துவிடும். அதனால் எங்கே போனாலும் இந்த ஸ்டீல் பாட்டில் கூடவே வரும். பல வருஷப் பழக்கம். அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். காகிதம் பறக்கிறது, உங்கள் உதவியாளர் பாவம், ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுதுகிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. சுற்றுச்சூழல் துறையில் இருபத்தாறு வருஷம் இருந்திருக்கிறேன், ஆனால் சுற்றுச்சூழலுக்கும் எனக்கும் அவ்வளவாகப் பழக்கம் கிடையாது. என் வேலை ஆட்கள். யார் சேர்ந்தார், யார் விடுப்பில் போனார், யாருடைய சம்பள உயர்வு எந்த மேஜையில் தூங்குகிறது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகப் பாடம். ஆற்றில் மீன் செத்து மிதந்தால் அது ஆய்வகத்தின் பிரச்சினை. ஆய்வகத்தில் ஆள் இல்லாவிட்டால் அது என் பிரச்சினை.

எங்கள் கண்காணிப்பு நிலையத்தை நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். முன்னால் முலாம் பூசும் பட்டறைகள், பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் ஆலை, நடுவில் மதிலுக்குள் நாங்கள். கீழே அலுவலகம், மேலே ஆய்வகம், பக்கத்தில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு குவார்ட்டர்ஸ் வீடுகள், ஒரு மேல்நிலைத் தொட்டி, அதன் காலடியில் போர்வெல். காற்றும் தண்ணீரும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார். அளக்கிறவர்கள் அங்கேயே தூங்கி எழ வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆள் நிற்கமாட்டார்கள். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டவர் வெள்ளிக்கிழமை துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்பார். சிலர் சேரும்போதே இடமாற்ற மனுவை டைப் அடித்துக் கையோடு கொண்டுவருவார்கள், தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். ஒருவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு சேர்ந்தார், கட்டிய துணியோடு போனார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு கட்டத்தில் பன்னிரண்டு வீட்டில் எட்டு வீடு பூட்டிக் கிடந்தது. ஆய்வகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அதைப் பெருக்குகிறவர்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. சேர வருகிறவர்களுக்கு ஈர்ப்புத் தொகை. வந்தவர்கள் மூன்று வருஷம் போகாமல் இருந்தால் தக்கவைப்புத் தொகை. ஆணையில் பெயர் அப்படி. எங்கள் ஜீப் டிரைவர் முதல் வாரமே அதைச் சுருக்கி 'வா பணம்', 'இரு பணம்' என்று ஆக்கிவிட்டார். "வா பணம் சரி, இரு பணமும் சரி. போ பணம் எப்ப சார் குடுப்பீங்க?" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்பார். ஜீப்பில் எல்லோரும் சிரிப்போம். நல்ல மனிதர்.

நிபந்தனைகள் மூன்றுதான். குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு தங்க வேண்டும். நடுவில் போனால் வாங்கியதை எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று இடங்களுக்கு மேல் காலியானால் திட்டமே ரத்து, இருக்கிறவர்களுக்கும் ஒன்றும் கிடையாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கொடுமை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகம் வாடினால் ஓடிப்போய் விசாரிக்கிற அக்கறை எங்கள் காலனியில் வந்ததே அதனால்தான்.

என்னைப் பணியாளர் தக்கவைப்பு அலுவலர் ஆக்கினார்கள். என் வேலைக்கு ஆள் கிடைக்காமல் இல்லை, கிளார்க் வேலைக்கு எங்கேயும் கூட்டம்தான். ஆகவே எனக்கு வா பணமும் இல்லை, இரு பணமும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. நகரத்தில் என் வீட்டிலிருந்து ஜீப்பில் போய்வருவேன், முக்கால் மணி நேரப் பயணம். இந்த விவகாரத்தில் எனக்குச் சல்லிக்காசு லாபம் கிடையாது என்பதை உங்கள் உதவியாளர் தனி வரியாக எழுதிக்கொண்டால் நல்லது. பதவி உயர்வு வந்தது உண்மை. அது தானாக வந்தது.

நான் முதலில் கொண்டுவந்தது என் மச்சினியை. என் மனைவியின் கடைசித் தங்கை. வேதியியலில் முதல் வகுப்பு, ஒரு தனியார் ஆய்வகத்தில் குறைந்த சம்பளத்துக்கு மாரடித்துக்கொண்டிருந்தாள். என் சகலைக்குச் சொந்தமாகக் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைக்க ஆசை, கையில் முதல் இல்லை. நான்தான் உட்கார வைத்து எடுத்துச் சொன்னேன். வா பணத்தில் கடை, இரு பணத்தில் ஒரு மனை. வேறு எவனாவது இருந்தால் சொந்தக்காரர்களை இந்த இடத்துக்கு வராதே என்று சொல்லியிருப்பான். நான் என் வீட்டுப் பெண்ணையே கொண்டுவந்து வைத்தேன். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்று யோசித்துப் பாருங்கள்.

அலுவலகத்தில் அவள் என்னை 'சார்' என்பாள், வீட்டில் 'அத்தான்'. ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை, அவ்வளவு ஒழுங்கு. அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண். வாய் ஓயாது. ஜீப்பில் ஏற்றினால் வழியில் தெரிகிற மாடு, பலகை, டயர் எல்லாவற்றையும் பற்றி ஒரு கேள்வி இருக்கும். டிரைவர் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. அலுவலக வராந்தாவுக்கு வந்தால் நேரே என் மேஜைக்கு வருவாள், இந்தப் பாட்டிலை விரலால் தட்டிப் பார்ப்பாள், "பெரியப்பா, இதுல எவ்ளோ மிச்சம் இருக்கு, சத்தத்தை வெச்சு நான் சொல்லட்டா?" என்பாள். பெரும்பாலும் சரியாகவே சொல்வாள்.

அவள் அம்மா சேர்ந்த நாலாவது மாதம் அது நடந்தது. உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் ஆய்வகத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆலைகளின் கழிவுநீரில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது, பக்கத்தில் ஒன்றும் கலக்காத சுத்தமான தண்ணீரையும் வைத்துப் பார்ப்பார்களாம். சுத்தமானதில் என்ன காட்டுகிறதோ அதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் ஆலையின் தலையில் கட்டுவார்கள். அதற்கு வாலைவடிநீர் வேண்டும். அதைக் காய்ச்சி வடிக்கிற எங்கள் வடிகலம் கெட்டு ஏழு வருஷம். புதிது கேட்டு எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு ஆள் அதன்மேல் ஏறி மின்விளக்கு மாற்றலாம். ஆகவே என்ன செய்தார்கள் என்றால், நம் குவார்ட்டர்ஸ் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்து, அதையே சுத்தமான தண்ணீர் என்று வைத்துக்கொண்டார்கள். ஏழு வருஷமும் அந்தக் கணக்கில் ஆலைகள் எல்லாம் உத்தமர்கள்.

என் மச்சினி புதுசு இல்லையா. சொந்தக் காசில் கடையில் ஒரு கேன் வாலைவடிநீர் வாங்கி வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். மத்தியானம் என் அறைக்கு வந்தாள், கதவைச் சாத்தினாள்.

"சார், நம்ம குவார்ட்டர்ஸ் தண்ணியில ஈயம் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. இருக்கலாம்னு சொல்ற அளவுக்குப் பதினாலு மடங்கு. பின்னாடி பேட்டரி கம்பெனியிலிருந்து இறங்குது போல."

"மெஷின் சரியா இருக்கா?"

"மூணு தடவை பார்த்துட்டேன்."

"மூணு தடவையும் அதே மெஷின்ல தானே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை உங்கள் உதவியாளர் குறித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கே நிச்சயம் இல்லை. இயந்திரம் பழையது, அங்கே இங்கே தட்டினால்தான் வேலை செய்யும். இப்படிச் சந்தேகமான முடிவு வந்தால் இரண்டாவது மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, தலைமை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முதலில் ஆய்வு செய்தவர் இரண்டாவதை எடுக்கக்கூடாது. இது விதி, நான் எழுதியது இல்லை. "நானே எடுத்து அனுப்பறேன், நீ போய் வேலையைப் பாரு. ஊரைக் கூட்டாதே, ஆளுங்க பயந்துடுவாங்க" என்றேன். "தேங்க்ஸ் சார்" என்றாள். முகம் தெளிந்து போனாள்.

அன்று சாயங்காலம் மாதிரிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குத்தான் போனேன். பார்த்தால் தொட்டி கழுவிக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீர் கலங்கலாக வருகிறது. கலங்கலான மாதிரியைத் தலைமை ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும், பிறகு கேள்வி, விளக்கம், நினைவூட்டுக் கடிதம். எனக்கு அந்த அலைச்சல் பிடிக்காது. மறுநாள் காலையில் கிளம்பும்போது சமையலறைக் குழாயைத் திறந்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீர். பாட்டிலைப் பையில் வைத்தேன். டிரைவர்தான் பையை வாங்கி முன் சீட்டில் பத்திரமாக வைத்தார். நிலையத் தலைவர் முத்திரைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர் அவர், எதை நீட்டினாலும் போடுவார். ஒருமுறை பேப்பர்காரன் ரசீதில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. குடிக்க உகந்தது. அதை நான் தகவல் பலகையில் ஒட்டினேன். என் மச்சினிக்குத்தான் கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது. இயந்திரத்தைப் பிரித்து மேய்ந்தாள். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொன்னாள். நான்தான் தேற்றினேன்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடிநீரைச் சோதித்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தவனும் நான்தான். அதுவரைக்கும் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. மாதிரி எடுக்கும் பொறுப்பு நிர்வாகப் பிரிவுக்கு. ஆய்வகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள். தன் சொந்த விஷயத்தில் தானே தீர்ப்பு சொல்வது முறையல்ல என்று ஒரு சுற்றறிக்கை போட்டேன். மேலிடத்தில் அதைப் பாராட்டி, மற்ற நிலையங்களுக்கும் நகல் அனுப்பினார்கள். மொத்தம் பதினோரு பாட்டில். எல்லாம் என் வீட்டுக் குழாயில் பிடித்ததுதான். முதலாவது ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி என்றால் கேள்வி வரும் அல்லவா. ஆரம்பித்ததை ஒழுங்காகத் தொடர வேண்டியிருந்தது.

எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். பன்னிரண்டு குடும்பம், அதில் பதினேழு குழந்தைகள். எனக்கு எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும். நான் பொறுப்பேற்று ஆறு மாதத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. கொடியில் துணி காய்ந்தது. மாலையில் பிள்ளைகள் ஜீப் கொட்டகைக்குப் பக்கத்தில் பந்து விளையாடும். வேறு நிலையங்களிலிருந்து இதைப் பார்க்கவென்றே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், 'எப்படி நிக்க வெச்சீங்க?' என்று கேட்பார்கள். தலைமையகத்தில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். என் மாதாந்தர அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கும்: விலகியவர்கள். அதில் மாதாமாதம் 'இல்லை' என்று எழுதும்போது எனக்கு இருக்கும் நிறைவை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆட்கள் மூக்கால் அழுவது எப்போதும் உண்டு. தலைவலி என்பார்கள், வயிற்றைப் பிசைகிறது என்பார்கள், பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்பார்கள். இதெல்லாம் எந்த அலுவலகத்தில் இல்லை? இரண்டாவது வருஷம் டிரைவர் வீட்டில் குழந்தை பிறந்து ஏழாம் மாதம் வலிப்பு வந்து போய்விட்டது. டவுன் டாக்டர் மூளைக்காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார். நான் நேரில் போய் இருந்தேன். விதிப்படி மூன்று நாள் விடுப்புதான், நான் ஒன்பது நாள் வாங்கிக் கொடுத்தேன். கைக்குழந்தை பணியாளர் பட்டியலில் வராது, ஆகவே அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை. திரும்பி வந்த டிரைவர் வழக்கம்போல் என் பையை வாங்கி முன் சீட்டில் வைத்தார். போ பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சினி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாயாடிக்கு அப்போது ஐந்து வயது தாண்டியிருந்தது. வந்தவள் சோபாவில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே இருந்தாள். என் மனைவி பொம்மையைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

"அத்தான், நாங்க போயிடறோம்" என்றாள் மச்சினி. "இவ பேசறதே குறைஞ்சிட்டே வருது. முந்தி சொன்ன வார்த்தையெல்லாம் இப்ப வர மாட்டேங்குது. போன வாரம் தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாம டம்ளரைக் காட்டினா. எனக்கு பயமா இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சில பசங்க அப்படித்தான், தானா சரியாகும்கிறார். என்ன தண்ணி குடிக்கறீங்கன்னு கேட்டார். அது நல்லாவே இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருதடவை சோதிக்கறோம்னு சொன்னேன்."

பாருங்கள், அந்த அறிக்கைகளை அவள் எவ்வளவு நம்பினாள். அவளே ஒரு விஞ்ஞானி. அவளே நம்பும்போது நான் நம்பியதில் என்ன தப்பு?

நான் பொறுமையாகப் பேசினேன். மூன்று வருஷம் முடிய ஏழு மாதம்தான் பாக்கி. இப்போது போனால் வா பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அது உன் புருஷன் கடையில் கம்ப்ரசராகவும் கருவிகளாகவும் அடுக்கி இருக்கிறது. அது மட்டுமில்லை, ஏற்கெனவே மூன்று பேர் காலை வாசலில் வைத்துக்கொண்டு யார் முதலில் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ கிளம்பினால் அவர்களும் கிளம்புவார்கள், திட்டம் ரத்தாகும், குழந்தையைப் பறிகொடுத்த டிரைவர் கையிலிருந்து அந்தப் பணமும் போகும். அது உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவள் அழுதாள். என் மனைவிதான், "கொஞ்ச நாளைக்குக் குழந்தையை இங்கயாவது விட்டுட்டுப் போயேன்டி, நான் பாத்துக்கறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். நல்ல யோசனைதான். ஆனால் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. சொந்தக்காரர் என்பதற்காக நான் விதியைத் தளர்த்தினேன் என்று நாளைக்கு ஒருவர் விரல் நீட்டக்கூடாது. அதையும் எடுத்துச் சொன்னேன். சாயங்காலம் நானே அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

மூன்று வருஷம் முடிந்த அன்று பன்னிரண்டு குடும்பமும் வராந்தாவில் வரிசையாக நின்று இரு பணத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். டிரைவருக்கு எழுதும்போது கை நடுங்கியது, பேனாவை நான் பிடித்துக்கொண்டேன். ஒருவரும் விலகவில்லை. துறையின் சரித்திரத்திலேயே அது முதல்முறை.

அந்தப் பணத்தில் என் மச்சினி மனை வாங்கவில்லை. குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே இரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கும். அவள் நிலையத்துக்குத் திரும்பி வந்து பதினோரு அறிக்கைகளையும் வரிசையாகத் தரையில் பரப்பி, முதல் வரியிலிருந்து படித்திருக்கிறாள். எல்லோரும் கடைசி வரியை மட்டும் படிக்கிறவர்கள், 'குடிக்க உகந்தது' என்று. நடுவில் எங்கேயோ குளோரின் கலந்ததன் தடயம் என்று ஒரு வரி இருந்ததாம், பதினொன்றிலும். நகரத்துக் குழாய்த் தண்ணீரில் நகராட்சி குளோரின் கலக்கும். எங்கள் நிலையத்தில் நேரே பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீர், அதில் யாரும் எதுவும் கலப்பதில்லை. இருபத்தாறு வருஷம் இந்தத் துறையில் இருந்தும் இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாமல் போனது. முதலிலேயே சொன்னேனே, நான் விஞ்ஞானி இல்லை.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். கூட டிரைவர். செருப்பைக் கழற்றிவிட்டு யாரிடமும் பேசாமல் நேரே சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து கொஞ்சநேரம் ஓடவிட்டாள். முறைப்படி பாட்டிலை மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடி, ஒட்டுத்தாளில் தேதியும் நேரமும் எழுதினாள். என் மனைவி அடுப்பை அணைக்காமல் அப்படியே நின்றாள்.

"சார், இது ஆய்வுக்கு வேணும். பிடிச்ச இடம்னு உங்க வீட்டு விலாசத்தைப் போட்டுக்கறேன்" என்றாள்.

என் வீட்டில், அக்கா முன்னால், என்னை சார் என்றாள். அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பாட்டிலை டிரைவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நடுங்கியது, ஆனால் சிந்தவில்லை.

என்மேல் உள்ள குற்றம் பதினோரு பாட்டில் தண்ணீரை மாற்றியது. அதை ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தண்ணீரில் விஷம் என்று தெரிந்தே செய்தேன் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒரு பழைய இயந்திரம் எதையோ காட்டியது, எடுத்தவளுக்கே நிச்சயமில்லை, நான் ஆட்களைப் பீதியிலிருந்து காப்பாற்றினேன். அவ்வளவுதான்.

இந்தப் பாட்டிலைப் பற்றி என் மனைவி வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாள் என்கிறீர்கள். அதற்கு முன் நான் அலுவலகத் தண்ணீரைத்தான் குடித்தேன், மச்சினி கதவைச் சாத்திப் பேசிய அன்று சாயங்காலம்தான் கடைக்குப் போய் இதை வாங்கினேன், ரசீது அலமாரியில் இருக்கிறது என்கிறாள். இருக்கலாம். ரசீதுகளை அவள் பத்திரமாக வைப்பாள். வயிறு அந்த வாரம்தான் படுத்த ஆரம்பித்திருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி என்றீர்கள். வாயாடி என்னிடம் தண்ணீர் கேட்டாளா என்று. டிரைவர் சொல்லியிருப்பார், அவர் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார். ஆமாம், கேட்டாள். மூன்றரை வயது இருக்கும். நல்ல வெயில். ஓடி விளையாடிவிட்டு வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா, எனக்கு அந்தப் பாட்டில் தண்ணி" என்றாள். "இது மருந்துத் தண்ணிடா, குழந்தைங்க குடிக்கக் கூடாது" என்று மூடியைத் திருகினேன். கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போய், டம்ளரைக் கழுவி, நானே பிடித்துக் கொடுத்தேன். முழுதும் குடித்தாள். இன்னும் வேணும் என்றாள், இன்னொன்று பிடித்தேன். என் கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டேன்.

கையில் இருந்ததை ஏன் கொடுக்கவில்லை என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். என் பாட்டிலில் ஒரு மடக்குக் குடித்திருந்தாலே ருசி வேறு என்று கண்டுபிடித்துவிடுவாள். நேரே மாடிக்கு ஓடி, பெரியப்பா தண்ணி நம்ம தண்ணி மாதிரி இல்லம்மா என்று அம்மாவிடம் சொல்லியிருப்பாள்.

அப்போது அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள்.